ஒரே கார்டில் இரண்டு கையெழுத்து

அன்புள்ள ஐயா,

ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய பேஸ்பால் கார்டுகளில் அவர்களுடைய கையெழுத்தை வாங்கிச் சேர்ப்பதைப் பற்றிப் போன மாதம் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தீர்கள். அதனால்தான் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

ஒஹாயோ மாநிலம் கொலம்பஸில் 11 வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டில் தனியாக இருந்த பெரியவர் சென்ற குளிர்காலத்தில் தவறிவிட்டார். வீட்டைக் காலி செய்ய வந்த அவருடைய மகள் என் பையனிடம் ஒரு ஷூ பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே நூற்றுச் சொச்சம் கார்டுகள். எல்லாமே 1955ஆம் வருடத்தில் டாப்ஸ் கம்பெனி போட்டவை. எல்லாவற்றிலும் கையெழுத்து! புதையல் என்றே நினைத்தோம். அப்புறம் பார்த்தால் ஒரு பிட்சரின், அதாவது பந்து வீசுகிறவரின், கார்டு இரண்டு இருக்கிறது. இரண்டிலும் கையெழுத்து ஒரு கோடு பிசகாமல் அப்படியே இருக்கிறது. ஆனால் அவற்றில் ஒன்றில் மட்டும், சட்டையின் மேல் குறுக்காக, நீல மையில் இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது.

ஆபீசில் ஒருவர் "கிறுக்கிய கார்டு, மதிப்பு போச்சு" என்கிறார். இன்னொருவர் "அந்தக் கிறுக்கலுக்குத்தான் விலையே" என்கிறார். எது உண்மை? நிஜக் கையெழுத்துதான் என்று எப்படி நம்புவது? கடைசியாக ஒன்று, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த ஆள் நீங்கள். யாரென்றே தெரியாத பேஸ்பால்காரரின் கையெழுத்து உங்களுக்கு எதற்கு?

எம்., கொலம்பஸ்

*

அன்புள்ள எம்,

கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கார்டிலும் நீங்கள் பார்த்தது அச்சு. டாப்ஸ் கம்பெனி 1952லும் 1955லும் ஆட்டக்காரரின் கையெழுத்தைப் படத்தோடு சேர்த்தே அச்சடித்து, பபிள்கம்மோடு விற்றது. வெட்கப்பட ஒன்றுமில்லை. முதன்முதலாக ஒரு 1952 கார்டு கைக்கு வந்தபோது நானும் இரண்டு நாள் அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

நல்ல செய்தி, அந்த நீல மை. அந்தக் கார்டை மேஜை விளக்குக்கு நேராகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அச்சுக் கையெழுத்து அட்டையோடு அட்டையாகத் தட்டையாகக் கிடக்கும். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியது என்றால் மெல்லிய பள்ளம் தெரியும். அழுத்தி எழுதுகிற கை என்றால் பின்பக்கம்கூட லேசாகத் தட்டுப்படும். பள்ளம் இருந்தால், யாரோ ஒரு மனிதர் அதில் எழுதியிருக்கிறார் என்பது மட்டும் உறுதி. அவர் அந்த பிட்சர்தானா என்பது வேறு கேள்வி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

உங்கள் ஆபீஸ் நண்பர்கள் இருவர் சொல்வதும் சரிதான், காலம்தான் வேறு. கார்டில் பேனா பட்டால் அது பழுது என்றுதான் சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் நினைத்தார்கள். மூலை மடங்கியது, காபி கொட்டியது, கையெழுத்துப் போட்டது எல்லாம் ஒரே கணக்கு. பிறகுதான் கையெழுத்திட்ட கார்டு தனி இனமாக மாறி, அதற்கென்றே ஒரு கூட்டம் சேர்ந்தது. ஆனாலும் பழைய பேஸ்பால் கார்டுகளில் உச்சாணி விலைகள் கையெழுத்து இல்லாதவற்றுக்குத்தான். 1952 டாப்ஸ் வரிசையின் 311ஆம் எண், மிக்கி மேன்டில், 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதில் பேனாவே படவில்லை. ஆனால் பேர் தெரியாத ஒரு பிட்சரின் கார்டு என்றால் கதை நேர் எதிர். கார்டு சில டாலர், கையெழுத்துதான் சரக்கு.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இங்கேயே பாதி பதில் இருக்கிறது. ஒரு கார்டு அரிதாவது பெரும்பாலும் கம்பெனிக்காரர்களின் கைங்கரியம். பாஸ்டனில் கௌடி என்று ஒரு பபிள்கம் கம்பெனி இருந்தது. 1933இல் 240 கார்டு கொண்ட வரிசை ஒன்றைப் போட்டது. அதில் 106ஆம் எண்ணை மட்டும் அச்சடிக்கவே இல்லை. பிள்ளைகள் அதைத் தேடித் தேடி கம் வாங்கித் தின்றுகொண்டே இருந்தார்கள். கிரிக்கெட் வீரர் படத்துக்காக பிக் ஃபன் வாங்கித் தின்று தாடை வலித்தவர்களுக்கு இது புரியும். கடிதம் எழுதிச் சண்டை பிடித்தவர்களுக்கு மட்டும் மறுவருடம் நாப் லாஜோய் என்ற பழைய ஆட்டக்காரரின் படத்தை 106 என்று போட்டு, பதில் கடிதத்தோடு சேர்த்து அனுப்பினார்கள். இன்று கிடைக்கும் லாஜோய் கார்டுகள் பலவற்றில் அந்தக் கடிதத்தோடு குத்திய கிளிப்பின் தடம் இருக்கும். தடத்தைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். எந்த ஊர்ப் பையனோ, என்ன எழுதித் திட்டினானோ.

கையெழுத்து அரிதாவது அப்படி இல்லை. கார்டு கடைக்கு வந்த நாள் ஒன்று, ஆட்டக்காரர் கண்ணை மூடிய நாள் ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவே யாராவது கார்டையும் பேனாவையும் அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால்தான் உண்டு. அதனால் நாங்கள் ஓட்ட எண்ணிக்கையைவிட இறந்த தேதிகளைத்தான் அதிகம் மனப்பாடம் செய்கிறோம். வீட்டில் இதைச் சொன்னால் 'என்ன பொழைப்போ' என்பார்கள்.

1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுக்குள் வந்த டி206 என்ற வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ரூப் மார்க்கர்ட் என்ற பிட்சர் இருக்கிறார். அவர் இறந்தது 1980இல். சுருட்டுக் காலத்துக் கார்டை எடுத்துக்கொண்டு டிவி காலத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கலாம். அதே வரிசையில் இருக்கும் ஆடி ஜாஸ் 1911 ஏப்ரலில், 31 வயதில் மூளைக்காய்ச்சலில் போய்விட்டார். சிகரெட் பெட்டியில் வரும் துண்டு அட்டையில் கையெழுத்து வாங்க வேண்டும் என்று அன்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

உங்கள் 1955க்கே வருவோம். பெட்டியில் 152ஆம் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஹாரி அகானிஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணிக்காரர். அந்த மே மாதம் நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜூன் 27 அன்று நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தார். வயது 26. கார்டு வெளிவந்து சில மாதம்கூட ஆகவில்லை, அதிலும் பாதி நாள் படுக்கை. 1955 வரிசை மொத்தம் 206 கார்டு. முழுவதையும் கையெழுத்தோடு சேர்க்கக் கிளம்புகிறவர்கள் வில்லி மேய்ஸ், ஜாக்கி ராபின்சன் மாதிரி நட்சத்திரங்களுக்காக அழுவதில்லை, பணம் இருந்தால் அவை கிடைக்கும். அகானிஸிடம் வந்துதான் எல்லாரும் நிற்பார்கள். 164 இருந்தால் எனக்கு உடனே போன் செய்யுங்கள். அது பின்னால் பெரிய நட்சத்திரமான ராபர்டோ கிளமென்டேயின் முதல் கார்டு. கையெழுத்தே வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். நிலநடுக்கத்தில் சிக்கிய நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப் போன விமானத்தில் 1972 டிசம்பர் 31 அன்று இறந்தார். உடல் கிடைக்கவில்லை. அதே வருடம் அக்டோபரில் ஜாக்கி ராபின்சன், ஏப்ரலில் கில் ஹாட்ஜஸ். எங்கள் கூட்டத்தில் 1972 என்றால் ஒரு பெருமூச்சு உண்டு.

இன்னொரு கார்டைச் சொல்லாமல் விட மனமில்லை. கென் ஹப்ஸ், சிகாகோ கப்ஸ் அணிக்காரர். விமானத்தில் ஏறவே பயந்தவர். பயம் போக வேண்டும் என்று விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டார். 1964 பிப்ரவரியில் தானே ஓட்டிப் போன சிறு விமானம் யூட்டாவில் விழுந்து 22 வயதில் இறந்தார். அந்த வருட டாப்ஸ் வரிசையில் 550ஆம் எண் அவருக்கு அஞ்சலி. அவர் இறந்த பிறகு அச்சான கார்டு அது. 1964 வரிசையின் 587 கார்டுகளையும் கையெழுத்தோடு சேர்க்கிறவர் எத்தனை கோடி வைத்திருந்தாலும் அந்த 550 வெறுமையாகத்தான் இருக்கும். எனக்குப் பிடித்த கார்டு எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அது என்னிடம் இருக்கிறது, மூலை நாலும் மழுங்கியது.

சரி, நம்புவது எப்படி?

சந்தேகத்திலிருந்து தொடங்குங்கள். 1990களில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்று ஒரு வேட்டை நடத்தி, சான் டியேகோ பக்கம் பெரிய போலிக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. அவர்கள் விற்ற சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால் பந்தும் உண்டு. வாங்குவதற்கு ஆள் இருந்தால் அவர்கள் திருவள்ளுவர் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

நான் ஏமாந்ததையும் கேளுங்கள். ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த கார்டு சந்தையில் 1933 கௌடி வரிசையில் வந்த மெல் ஆட் என்ற ஆட்டக்காரரின் கார்டு ஒன்றைப் பார்த்தேன். நல்ல பருமனான கறுப்புக் கையெழுத்து, கூடவே தங்க முத்திரை ஒட்டிய சான்றிதழ். 180 டாலர். அந்த விலையைக் கேட்டதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆசை யாரை விட்டது. வீட்டுக்கு வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. அது ஷார்ப்பி மார்க்கரில் போட்ட கையெழுத்து. மெல் ஆட் கார் விபத்தில் இறந்தது 1958இல். ஷார்ப்பி கடைக்கு வந்ததே 1964இல். சான்றிதழைத் திருப்பிப் பார்த்தேன், விற்றவரேதான் கையொப்பம் இட்டிருந்தார். அந்தக் கார்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அன்றிலிருந்து பேனாவைத்தான் முதலில் பார்க்கிறேன். அமெரிக்காவில் பால்பாயிண்ட் விற்பனைக்கு வந்தது 1945 அக்டோபரில். பழைய நட்சத்திரம் லூ கெரிக் 1941இல் இறந்தவர். அவர் பெயர் பால்பாயிண்டில் இருந்தால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம். நிப் பேனாவாக இருந்தால் மட்டும் முடிந்துவிடுமா? அவருக்கு நரம்பு நோய் வந்து கை தளர்ந்த காலத்தில் ரசிகர் கடிதங்களுக்கு அவர் மனைவி அவர் பெயரில் கையெழுத்துப் போட்டதும் உண்டு. பொய் என்று சொல்ல நாக்கு வரவில்லை, ஆனால் கெரிக்கின் கையெழுத்தும் அல்ல. இன்னொரு பழைய நட்சத்திரமான டை காப் பச்சை மையில் எழுதுவார் என்பது எல்லாருக்கும் தெரியும். போலி செய்கிறவனுக்கும் தெரியும், பச்சை மை கடையில் கிடைக்கிறது.

பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ. என்று சரிபார்க்கும் கம்பெனிகள் இருக்கின்றன. காசு கட்டி அனுப்பினால், ஏற்கெனவே உறுதியான கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, திருப்தி என்றால் சான்று தருவார்கள். கேட்டால் கெட்டி பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தும் கொடுப்பார்கள். அது தேர்ந்தவர்களின் அபிப்பிராயம், அவ்வளவுதான். உங்கள் பிட்சருக்கு அந்தக் கட்டணம் கட்டுப்படியாகுமா என்று முதலில் பாருங்கள்.

இப்போது, எனக்கு எதற்கு என்ற கேள்வியின் மீதிப் பாதி.

நான் சிறுபத்திரிகைகளுக்குக் கதை அனுப்பி வளர்ந்தவன். 'சுயமுகவரியிட்ட, போதிய தபால்தலை ஒட்டிய உறை வைக்கவும்' என்ற வாசகம் எனக்குப் பாதி வேதம். இந்த ஊருக்கு வந்து, வயதான ஆட்டக்காரர்களுக்குக் கார்டை அனுப்பிக் கையெழுத்துக் கேட்பதும் அதே முறைதான் என்று தெரிந்தபோது கை தானாகப் பரபரத்தது. ஒரு காகிதத்தில் நாலு வரி, அட்டைத் துண்டுகளுக்கு நடுவே கார்டு, திரும்பி வர உறை. பணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியவர்கள் நிறையப் பேர். இரண்டே வருடம் ஆடிய ஒருவர், அன்று மழையில் ஆட்டம் நின்றது, நான் எடுத்திருக்க வேண்டிய விக்கெட் போச்சு என்கிற மாதிரி ஒரு பக்கம் புலம்பி எழுதியிருந்தார். (விக்கெட் நான் போட்டது. அவர் வேறு வார்த்தை எழுதியிருந்தார்.)

ஒருமுறை என் கையெழுத்தில் என் முகவரியே எழுதிய உறை திரும்பி வந்தது. உள்ளே நான் அனுப்பிய கார்டு, பேனா படாமல். கூடவே ஒரு சின்னக் காகிதம். அவர் மார்ச்சில் இறந்துவிட்டார், உங்கள் கார்டு தொலைந்துவிடக் கூடாது என்று திருப்பி அனுப்புகிறேன் என்று அவர் மனைவி எழுதியிருந்தார். நான் கடிதம் எழுதி மேஜையில் வைத்துவிட்டுத் தபாலில் போடச் சோம்பல்பட்டது மூன்று வாரம். அந்தக் கார்டையும் காகிதத்தையும் ஒரே உறையில் வைத்திருக்கிறேன். யாராவது விலை கேட்டால் காட்டுவதில்லை.

உங்கள் பெட்டிக்கு வருகிறேன். கார்டுகளை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள், அடுக்கின் மேலே இருந்த 1952 வரிசையின் முதல் எண் கார்டுகள் பலவும் பாழானது அப்படித்தான். நீல மைக் கார்டை வெயிலில் வைக்காதீர்கள். பையன் சுத்தம் செய்கிறேன் என்று அழிரப்பரை எடுத்தால் பிடுங்கிவிடுங்கள். அப்புறம் முக்கியமாக, ஷூ பெட்டியின் அடியில் விரித்திருக்கும் காகிதத்தைத் தூக்கிப் பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் 1955இல் சின்னப் பையனாக இருந்திருப்பார். தன் முகவரியைத் தானே கோணல்மாணலாக எழுதிய உறை ஒன்று அங்கே கிடக்கலாம். தபால் முத்திரையில் ஊரும் தேதியும் இருக்கும். கிடைத்தால் கார்டுக்கு முன்னால் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள்.