குட்டியானையில் ஆயிரம் லிட்டர் வேண்டாம்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “பழைய டாடா ஏஸ் ஒன்று வாங்கியிருக்கிறேன். நிமிஷத்துக்கு 15 லிட்டர் அடிக்கிற பெட்ரோல் பிரஷர் வாஷரை அதில் மாட்டி, மொட்டைமாடி, இன்டர்லாக் முற்றம் கழுவும் வேலை தொடங்கப் போகிறேன். வடகரப்பதி பக்கமெல்லாம் பல வீடுகளில் போர் தண்ணி குறைவு. ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்தால் போதுமா அண்ணா? அவசரத்துக்கு வாய்க்காலில் எடுத்துக்கொள்ளலாமா?”

தம்பி, டேங்க் வாங்கும் முன் உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். மொத்த எடையில் வெறும் வண்டி எடையைக் கழித்தால் மிச்சம் எவ்வளவு? குட்டியானைக்கு 700, 750 கிலோ பக்கம் வரும். மாடலைப் பொறுத்து மாறும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆயிரம் லிட்டர் ஊற்றினால் ஆள் ஏறுவதற்கு முன்பே பாரம் தாண்டிவிட்டது. அதிக பாரத்துக்கு மத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதமே 20,000 ரூபாயில்தான் தொடங்குகிறது. அதைவிட, இறக்கத்தில் பிரேக் பிடிக்காது என்பதுதான் எனக்குப் பயம். 500 லிட்டர், மெஷினும் ஹோஸும் ஒரு 80 கிலோ, ஆள் இரண்டு பேர் 130 என்று கூட்டினாலே 710 ஆகிறது, டேங்கின் சொந்த எடை தனி. உங்கள் ஆர்.சி. 700 என்று சொன்னால் 400 லிட்டரோடு நிறுத்துங்கள்.

அவ்வளவு குறைவாக வைத்து எப்படி வேலை முடியும் என்பீர்கள். டேங்க் தண்ணீரைச் சுமக்க அல்ல, குழாய்க்கும் மெஷினுக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப. ஒரு 20 லிட்டர் பக்கெட்டை வீட்டுக் குழாயடியில் வைத்து நேரம் பாருங்கள். இரண்டு நிமிஷத்தில் நிறைந்தால் அந்தக் குழாய் நிமிஷத்துக்கு 10 லிட்டர் தருகிறது. மெஷின் குடிப்பது 15. ஆக, டேங்கிலிருந்து போவது நிமிஷத்துக்கு 5 லிட்டர்தான். 500 லிட்டர் 100 நிமிஷம் தாங்கும். தண்ணீர் பீய்ச்சும் கன்னை விடாமல் யாரும் பிடித்துக்கொண்டே இருப்பதில்லை, ஹோஸை இழுக்க, நகர, வீட்டுக்காரரிடம் பேச என்று நின்றுபோகும் நேரத்தில் டேங்க் மறுபடி ஏறிக்கொள்ளும். குழாயே இல்லையென்றால் அதே 500 லிட்டர் 33 நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அதனால் வேலைக்குப் பேசும்போதே, “ஒரு பக்கெட் நிறைய எவ்வளவு நேரமாகும்னு பாத்துச் சொல்லுங்க” என்று போனில் கேட்டுவிடுங்கள். நாலு நிமிஷத்துக்கு மேல் ஆகிற வீடு என்றால், லாரித் தண்ணிக்கு ஆகிற செலவைச் சேர்த்துக் கூலி பேசுங்கள்.

ஒரே டேங்குக்குப் பதில் 250 லிட்டர் டேங்க் இரண்டு, படுக்கை வடிவத்தில், கேபினை ஒட்டித் தளத்தோடு தளமாக வையுங்கள். நடுவில் ஒரு வால்வு. ஓட்டும்போது மூடிவிட வேண்டும். முழுசாக நிறைந்த டேங்கும் காலி டேங்கும் சாது. பாதி டேங்க்தான் வண்டியைத் தள்ளும். வேலந்தாவளம் ரோட்டில் ஒரு வளைவில் நான் திரும்பினேன், பின்னால் தண்ணீர் திரும்பவில்லை. கயிறு அறுந்து டேங்க் பக்கப் பலகையில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு கயிறே கிடையாது. இரும்புப் பட்டை, சேஸிஸோடு போல்ட்.

டேங்க் மூடியில் காற்று போக ஓட்டை இருக்கட்டும். என் முதல் டேங்கின் மூடியை, தூசி விழக்கூடாதென்று ரப்பர் வைத்து இறுக்கியிருந்தேன். அரை மணியில் உறிஞ்சி முடித்த பால் பாக்கெட் மாதிரி வயிறு ஒட்டிக் கிடந்தது.

டேங்கிலிருந்து பம்புக்கு ஒரு இஞ்ச் ஸ்பைரல் ஹோஸ்தான். தோட்டத்து ஹோஸ் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்ளும். நீளம் குறைவாக, பம்பு டேங்கைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். வழியில் ஒரு வலை ஃபில்டர் கட்டாயம். நம் பக்கத்துப் போர் தண்ணியில் மணல் வரும், பம்பின் சீலை அரைத்துவிடும். இந்த உறிஞ்சு பக்கத்து ஜாயிண்ட் லூஸானால் வெளியே சொட்டாது, உள்ளே காற்றை இழுக்கும். கன் விட்டுவிட்டு அடிக்கிறதா, பம்புக்குள் கூழாங்கல் உருள்கிற மாதிரி சத்தம் வருகிறதா, உடனே நிறுத்தி டெஃப்லான் சுற்றுங்கள். கன்னை விட்டதும் திரும்புகிற பைபாஸ் தண்ணீரைப் பம்புக்குள்ளேயே சுற்ற விட்டால் சில நிமிஷத்தில் கொதித்துவிடும். டேங்குக்கே கொண்டுபோங்கள், உறிஞ்சு வாயிலிருந்து எதிர் மூலைக்கு. பக்கத்திலேயே விட்டால் நுரையைத்தான் பம்பு குடிக்கும்.

வீட்டுக்காரர் ஹோஸின் நுனியை டேங்கின் தண்ணீருக்குள் முக்க விடாதீர்கள். மேலே ஒரு சாண் விட்டுத் தொங்கட்டும். அங்கே மோட்டார் நின்றால் உங்கள் தண்ணீர் அவர்கள் குழாய்க்குத் திரும்பிப் போகும். பாசி மருந்து, பிளீச்சிங்கெல்லாம் தனிக் கேனில்.

வாய்க்கால் வேண்டாம். மூலத்தரையில் திறந்து விடுகிற ஆழியாற்றுத் தண்ணீருக்குக் கடைமடைக்காரர் முறை எண்ணிக் காத்திருக்கிறார். நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது என்று மக்கள் போராடி, பிளாச்சிமடையில் 2004-இல் ஒரு குளிர்பான ஆலையே மூடிய ஊர்ப்பக்கம் இது. உங்கள் மோட்டார் சத்தம் கேட்டதும் நாலு பேர் வந்து நிற்பார்கள். அவர்கள் வராவிட்டாலும் வண்டல் வந்து ஃபில்டரில் உட்கார்ந்துவிடும்.