நாமே கட்டும் நண்டுக்கூடு

கேள்வி: வெள்ளாற்றுக் கழிமுகத்தில் வீட்டுத் தேவைக்குச் சேற்று நண்டு பிடிப்பதற்காக நானே ஒரு கூடு கட்டினேன். நண்டுகள் வெளியில் இருந்தபடியே இரையைத் தின்றுவிடுகின்றன. உள்ளே நுழைபவையும் தங்குவதில்லை. கூட்டை எப்படிக் கட்ட வேண்டும்?
– வாசகர், பரங்கிப்பேட்டை

பதில்: இரை கூட்டின் ஓரத்தில் இருந்தால், நண்டு வலைக்கண் வழியாகக் கொடுக்கை நீட்டிப் பிய்த்துத் தின்றுவிடும். மீன்தலையையோ திருக்கைத் துண்டையோ சிறுகண் வலைப்பையில் இட்டு, கூட்டின் நட்டநடுவே கட்டுங்கள். 8 மி.மீ. இரும்புக் கம்பியில் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஓரடி உயரத்தில் சட்டம் அமைத்தால் போதும். சேற்று நண்டின் கொடுக்கு மெல்லிய நைலான் இழையை எளிதில் அறுத்துவிடும் என்பதால், வலை தடித்த கயிற்றால் பின்னியதாக இருக்கட்டும்.

கூட்டின் உயிர் அதன் வாயில்தான் இருக்கிறது. நண்டு பக்கவாட்டில் நடப்பதால், வட்டமான வாயைவிட 25 செ.மீ. அகலமும் 8 முதல் 10 செ.மீ. உயரமும் கொண்ட தட்டையான வாயே ஏற்றது. எதிரெதிர் முனைகளில் இரண்டு வாய்கள் வையுங்கள். ஒவ்வொன்றும் அடித்தளத்திலிருந்து சரிவாக மேலேறி, உள்முனை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் முடிய வேண்டும். அப்போதுதான் உள்ளே விழுந்த நண்டு அடியோரமாகவே சுற்றிச் சுற்றி வந்து, வந்த வழியைக் காணாமல் தங்கும். சரிவு வலை தொய்ந்திருந்தால் கால் சிக்கி நண்டு பின்வாங்கிவிடும். ஆகவே விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். இரையின் வாடை நீரோட்டத்தோடு பரவுவதால், வாய்கள் ஓட்டத்தின் போக்கை ஒட்டி அமையுமாறு கூட்டை இறக்குங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் வலியுறுத்த விரும்புகிறேன். கூட்டின் பக்கச் சுவரில், தரையை ஒட்டி, 12 செ.மீ. அகலமும் 5 செ.மீ. உயரமும் உள்ள திறப்பு ஒன்றை விட்டால், வளராத நண்டுகள் தாமாகவே வெளியேறிவிடும். கூட்டை மிதவையோடு பிணைக்கும் கயிறு அறுந்து கூடு தொலைந்துவிட்டாலோ, நைலான் மக்காததால் அது ஆளின்றியே நண்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளே செத்த நண்டு அடுத்த நண்டுக்கு இரையாகும். ஆகையால் மூடியையோ ஒரு பக்க வலையையோ பருத்தி நூலால் மட்டுமே கட்டுங்கள். நூல் இற்றதும் வழி திறந்துவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நண்டுக்கூட்டில் இப்படி இற்றுப்போகும் பருத்தி அல்லது வேறு இயற்கை நார்க் கயிறு சட்டப்படி கட்டாயம். இங்கு நாமாகவே இதைக் கடைப்பிடிக்க ஒரு முழம் நூலுக்கு மேல் செலவாகாது.

மிதவைக் கயிறு, நீரேற்றத்தின்போது இருக்கும் ஆழத்தைவிட நீளமாக இருக்க வேண்டும். பிச்சாவரம் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிக் கூடு வைக்காதீர்கள். மற்ற இடங்களிலும் மீனவர்கள் வழக்கமாக வலை விரிக்கும் தடத்தை விட்டு விலகியே வையுங்கள்.

பிடித்த நண்டின் அடிவயிற்று ஓட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஓடு நெகிழ்ந்தால், அது அண்மையில் தோலுரித்த நண்டு. உள்ளே தண்ணீரே மிகுதி, சதை குறைவு. அதையும், முட்டை சுமக்கும் பெண் நண்டையும் உடனே நீரில் விட்டுவிடுங்கள்.