மியாட்டாவின் மைலேஜ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரான 1990 மாஸ்டா மியாட்டாவுக்கும், அதே காரின் இன்றைய வடிவமான எம்எக்ஸ்-5க்கும் மைலேஜில் பெரிய வித்தியாசம் உண்டா?

பதில்: நினைப்பதைவிடக் குறைவு. நகரம், நெடுஞ்சாலை இரண்டையும் சேர்த்து, அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏவின் கணக்கில் 1.6 லிட்டர் இன்ஜின் போட்ட 1990 கார் லிட்டருக்குச் சுமார் 10 கி.மீ. தரும். 2.0 லிட்டர் இன்ஜினோடு வந்த 2019 கார் 12 கி.மீ.க்குச் சற்று மேல். அவ்வளவுதானா என்று கேட்காதீர்கள். இதற்குள் குதிரைத்திறன் 116-லிருந்து 181-க்குப் போய்விட்டது!

நடுவில் நீண்ட காலம் மைலேஜ் நகரவே இல்லை. 1994-ல் 1.8 லிட்டர் வந்தது, 2006 மாடலில் 2.0 லிட்டர் வந்தது. இன்ஜின் நுட்பத்தில் மிச்சமானதையெல்லாம் கூடுதல் சக்தியும் எடையும் தின்றுவிட்டன. 2016 மாடலில்தான் மாற்றம் தெரிந்தது. சிலிண்டருக்குள்ளேயே பெட்ரோலைப் பீய்ச்சும் முறை, 13:1 கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் எத்தனை மடங்கு அழுத்தப்படுகின்றன என்ற விகிதம்), கூடவே எடைக்குறைப்பு. எடையைக் குறைத்ததைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். புதிய மாடல் முந்தையதைவிட இளைத்து வருவது கார் உலகில் அபூர்வம்.

கேள்வி: என் பழைய காரின் ஸ்டிக்கரில் இருந்த மைலேஜைவிட இபிஏ இப்போது குறைவாகக் காட்டுகிறதே?

பதில்: கார் மாறவில்லை, சோதனை மாறியது. 2008 மாடல் ஆண்டிலிருந்து அதிவேகம், ஏசி, குளிர்நிலை ஓட்டம் எல்லாம் கணக்கில் சேர்ந்தன. பழைய கார்களின் எண்களையும் அதற்கேற்பத் திருத்திவிட்டார்கள். ஒப்பிடும்போது திருத்திய எண்களையே இரண்டு பக்கமும் எடுங்கள்.

கேள்வி: மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?

பதில்: இப்போதைய தலைமுறையில் நெடுஞ்சாலையில் ஆட்டோமேட்டிக் சற்று முன்னே நிற்கிறது. அதன் ஆறாவது கியரில் இன்ஜின் மெதுவாகச் சுழல்கிறது. மேனுவலின் ஆறாவது கியரோ 1:1, அதாவது கியர்பாக்ஸுக்குள் வேகம் மாறாது, இன்ஜின் கூடுதலாகச் சுழலும். வித்தியாசம் சிறியது, இதற்காக மேனுவலை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேள்வி: கூரையைத் திறந்து ஓட்டினால் பெட்ரோல் அதிகம் குடிக்குமா?

பதில்: நகர வேகத்தில் கவலை வேண்டாம். வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகும் என்பதால் நெடுஞ்சாலையில் குடிக்கும்.

கேள்வி: பிரீமியம் பெட்ரோல் அவசியமா?

பதில்: கம்ப்ரஷன் 9.4:1 உள்ள முதல் 1.6-க்கு வேண்டாம், வீண் செலவு. 13:1 இன்ஜினுக்குப் போடலாம். சாதாரண பெட்ரோலில் நாக் (பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டும் சத்தம்) வராமலிருக்க அது ஸ்பார்க் டைமிங்கை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும், அதில் கொஞ்சம் சக்தி போகும்.

கேள்வி: 1.8 லிட்டர் பழைய காரில் மைலேஜ் திடீரென்று விழுந்துவிட்டது. எங்கே பார்ப்பது?

பதில்: முதலில் டயர் காற்று. அப்புறம் ஓட்டி நிறுத்தியதும் பின்சக்கரங்களின் அருகே கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் காலிபர் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இறுகியிருக்கும். இந்தக் காரில் அது பழைய வியாதி. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் வழக்கமான இடத்துக்கு ஏறாவிட்டால் தெர்மோஸ்டாட் (இன்ஜினின் குளிர்நீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு) திறந்தபடியே நின்றுவிட்டது என்று அர்த்தம். இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பணம் செலவழியுங்கள்.