பல தீவுகளால் ஆன ஒரு நாடு தன் கடல் எல்லையை எப்படி வரையறுக்கிறது? அண்டை நாடுகளோடு அதை எப்படிப் பேசி முடிக்கிறது?

வணிகக் கப்பல்களில் வழிசெலுத்தும் அதிகாரியாகப் பணியாற்றியவன் என்ற முறையில் இந்தப் பதிலை எழுதுகிறேன். கடல் சட்டத்தை நான் பின்னாளில்தான் படித்தேன். ஆனால் படிக்கத் தூண்டியவை இந்தோனேசியத் தீவுகளுக்கிடையே செல்லும்போது கடல் வரைபடத்தில் கண்ட கோடுகள். ஆகவே இந்தோனேசியாவையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

கேள்வியில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அடிக்கோட்டை, அதாவது கடல் தூரங்களை அளக்கத் தொடங்கும் கோட்டை, ஒரு நாடு தானே வரைந்துகொள்கிறது. எல்லைக்கோட்டை அண்டை நாட்டுடன் சேர்ந்து வரைகிறது. சட்ட நூல்கள் இவற்றைத் தனித்தனியாக விளக்கினாலும், அடிக்கோட்டை வரையும் உரிமையே பேரம் பேசிப் பெற்றதுதான் என்பது என் புரிதல்.

இந்தோனேசியா விடுதலை பெற்றபோது அதன் கடலை ஆண்டது டச்சுக்காரர்கள் 1939 இல் பிறப்பித்த சட்டம். அதன்படி ஒவ்வொரு தீவையும் சுற்றி 3 கடல் மைல் மட்டுமே நாட்டுக்குச் சொந்தம். அதற்கு அப்பால் பொதுக்கடல். ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் இடையிலுள்ள கடலின் பெரும்பகுதியில் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் கேட்பாரின்றி உலவலாம் என்பதே இதன் பொருள். நியூகினித் தீவின் மேற்குப் பாதியான மேற்கு இரியான் தொடர்பாக நெதர்லாந்துடன் பூசல் முற்றியிருந்த வேளையில், 1957 டிசம்பர் 13 அன்று பிரதமர் ஜுவாண்டா தீவுகளும் இடைப்பட்ட நீரும் பிரிக்க முடியாத ஒரே பரப்பு என்று அறிவித்தார். இந்தோனேசிய மொழியில் தாய்நாட்டைக் குறிக்கும் சொல்லே 'தானா ஆயிர்', அதாவது மண்ணும் நீரும். அந்த மக்களுக்கு இந்த அறிவிப்பு புதுமையாகப் பட்டிருக்காது. கடல் வல்லரசுகள் மறுப்புத் தெரிவித்தன. அந்தக் கருத்து ஐக்கிய நாடுகளின் கடல் சட்ட உடன்படிக்கையில் இடம்பெற்றது 1982 இல்தான்.

உடன்படிக்கை வகுத்த விதிகள் இவை. வெளிப்புறத் தீவுகளின் கடைக்கோடிப் புள்ளிகளை நேர்க்கோடுகளால் இணைக்கலாம். ஒரு கோடு 100 கடல் மைலுக்கு மேல் நீளக் கூடாது. மொத்தக் கோடுகளில் 3 விழுக்காடு மட்டும் 125 மைல் வரை செல்லலாம். 200 கோடுகள் வரையும் நாட்டுக்கு 6 நீண்ட கோடுகள் கிடைக்கும். ஆகவே சிறு கோடுகளை மிகுதியாக்கினால் நீண்ட கோடுகளும் கூடும் என்ற சூட்சுமம் இதில் ஒளிந்திருக்கிறது. கோடுகளுக்குள் அடங்கும் நீர்ப்பரப்பு, நிலப்பரப்பைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. அதன் 9 மடங்கை மிஞ்சவும் கூடாது. பிரிட்டனும் நியூசிலாந்தும் இந்தச் சலுகையைப் பெற முடியாமல் போனதற்கு அவற்றின் நிலம் மிகுதியாக இருப்பதே காரணம். கிரிபாட்டி தன் எல்லாத் தீவுகளையும் ஒரே வளையத்துக்குள் கொண்டுவர முடியாததற்கு அவை வெகுதொலைவு சிதறிக் கிடப்பதே காரணம். முழுவதும் தீவுகளால் ஆன நாட்டுக்கே இந்த உரிமை உண்டு என்பதால், அந்தமான் நிக்கோபாரைச் சுற்றி இந்தியா இத்தகைய வளையம் போட இயலாது.

இப்படி வரைந்த கோட்டிலிருந்துதான் 12 மைல் ஆட்புலக் கடலும் (நாட்டின் சொந்தக் கடல்) 200 மைல் பொருளாதார மண்டலமும் (மீன் முதலிய வளங்களில் மட்டும் உரிமை) வெளிநோக்கி அளக்கப்படுகின்றன. கோட்டுக்கு உள்ளே இருக்கும் நீர், கடலடி, வானம் எல்லாவற்றின் மீதும் நாட்டுக்கு இறையாண்மை உண்டு. ஆனால் அதற்கு விலை உண்டு. பிற நாட்டுக் கப்பல்களும் விமானங்களும் கடந்து செல்ல வழி விட வேண்டும். இந்தோனேசியா வடக்கு தெற்காக மூன்று கடல்வழிகளை வகுக்க, சர்வதேசக் கடல்சார் அமைப்பு 1998 இல் அவற்றை ஏற்றுக்கொண்டது. லொம்போக் நீரிணை வழியாக நாங்கள் வடக்கே செல்லும்போது, வழியின் நடுக்கோடு வரைபடத்தில் நீண்டு கிடக்கும். அதிலிருந்து இருபுறமும் 25 கடல் மைல் வரை விலகலாம். ஆயினும் இரு தீவுகளுக்கு இடைப்பட்ட தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் கரையை நெருங்கக் கூடாது. இடைவெளி 20 மைல் என்றால் கரையிலிருந்து 2 மைலாவது தள்ளியே போக வேண்டும். அட்சரேகை ஓரத்தில் கவராயத்தை வைத்து, ஒரு கலைக்கு (பாகையில் அறுபதில் ஒரு பங்கு) ஒரு கடல் மைல் என்று நள்ளிரவுக் காவலில் அந்தத் தூரத்தை அளந்து குறித்த நாட்களில், இந்தப் பத்தில் ஒரு பங்கு எத்தனை ஆண்டு வாதத்தின் விளைவு என்பது எனக்குத் தெரியாது.

அண்டை நாட்டுக்கும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. மலேசியத் தீபகற்பத்துக்கும் அதன் கிழக்கு மாநிலங்களுக்கும் நடுவே இந்தோனேசியாவின் அனம்பாஸ், நதுனா தீவுகள் கிடக்கின்றன. வளையம் போட்டால் மலேசியாவின் இரு பாதிகளுக்கும் இடையிலுள்ள பாதை இந்தோனேசிய நீராகிவிடும். ஆகவே 1982 பிப்ரவரியில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன: தீவுகளும் இடைப்பட்ட நீரும் ஒன்றே என்ற தீவுக்கூட்டக் கொள்கையை மலேசியா ஏற்றது, இந்தோனேசியா அதன் போக்குவரத்துக்கும் மரபுவழி மீன்பிடிப்புக்கும் உறுதி அளித்தது.

எல்லைப் பேச்சு என்றதும் வரைபடத்தில் நடுக்கோடு போடுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நடுக்கோடு கணினிக்குச் சில நொடி வேலை. எந்தப் புள்ளிகளிலிருந்து அளப்பது என்பதில்தான் ஆண்டுகள் கரைகின்றன. இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் 1994 இல் பேசத் தொடங்கி, பொருளாதார மண்டல எல்லையில் 2014 இல்தான் கையெழுத்திட்டன. அவற்றுக்கு இடையிலிருந்த தடைகளில் ஒன்று, அமெரிக்காவும் ஸ்பெயினும் 1898 இல் பாரிஸ் ஒப்பந்தத்தில் பெட்டி போல வரைந்த எல்லைக் கட்டம். பிலிப்பைன்ஸ் தன் எல்லையாக நெடுங்காலம் கருதி வந்த அந்தக் கட்டத்துக்குள், 1928 இல் நடுவர் தீர்ப்பால் டச்சுக்காரர்களுக்குக் கிடைத்த மியாங்காஸ் தீவு மாட்டிக்கொண்டிருந்தது. 2009 இல் பிலிப்பைன்ஸ் தன் அடிக்கோட்டை உடன்படிக்கைக்கு ஏற்பத் திருத்திய பிறகே வழி எளிதானது.

தானே வரைந்த கோடு தனக்கே எதிராகச் சாட்சி சொல்வதும் உண்டு. சிபதான், லிகித்தான் தீவுகள் யாருக்கு என்ற வழக்கில் சர்வதேச நீதிமன்றம் 2002 இல் மலேசியாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அங்கே ஆமை முட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்தியது, பறவைகள் காப்பிடம் அறிவித்தது, கலங்கரை விளக்கம் கட்டியது ஆகியவை மலேசியத் தரப்பின் பலம். அதோடு, இந்தோனேசியா 1960 இல் சட்டமாக்கிய தன் அடிக்கோட்டில் இந்த இரண்டையும் சேர்க்கவே இல்லை என்பதையும் நீதிமன்றம் கவனத்தில் கொண்டது. அன்று விடுபட்டது நாற்பது ஆண்டு கழித்து இவ்வளவு பெரிதாகும் என்று யார் நினைத்திருப்பார்கள்!

அடிக்கோட்டுக்கு ஏற்ற புள்ளி, எல்லைக்கோட்டிலும் முழு மதிப்புப் பெறும் என்பதற்கில்லை. மொரீஷியஸ், மாலத்தீவு ஆகிய இரண்டுமே தீவுக்கூட்ட நாடுகள். சாகோஸ் பகுதியில், வற்றத்தின்போது மட்டும் தலைகாட்டும் பிளென்ஹைம் பவளத்திட்டை முன்வைத்து மொரீஷியஸ் கூடுதல் கடல் கேட்டது. சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு 2023 இல் அந்தத் திட்டுக்குப் பாதி மதிப்பே கொடுத்தது. அதாவது திட்டை முழுமையாகக் கணக்கில் எடுத்தால் வரும் கோட்டுக்கும், அடியோடு விட்டால் வரும் கோட்டுக்கும் நடுவே எல்லை விழுந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடல் எல்லை ஒரே கோடாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்தோனேசியாவும் ஆஸ்திரேலியாவும் கடற்படுகைக்கு 1972 இல் ஒரு கோடும், மேலுள்ள நீருக்கு 1997 இல் வேறொரு கோடும் ஒப்புக்கொண்டன. பின்னது இன்னும் முறையாக நடைமுறைக்கு வரவில்லை. படுகைக் கோடு தீமோர் பக்கம் நெருங்கியும், நீர்க் கோடு அதற்குத் தெற்கேயும் இருப்பதால், இடைப்பட்ட பகுதியில் நீர் இந்தோனேசியாவுக்கும் தரை ஆஸ்திரேலியாவுக்கும் என்றாகிறது. அங்கே வலையில் விழும் சூரை மீன் இந்தோனேசியக் கணக்கு. தரையை ஒட்டியே ஊர்வதால், முங்கி எடுக்கும் கடல் அட்டையைச் சட்டம் படுகையோடு சேர்த்துவிடுகிறது. அது ஆஸ்திரேலியக் கணக்கு. இன்னும் தெற்கே ஆஸ்திரேலியப் பவளத்திட்டுகளில் காலங்காலமாகக் கடல் அட்டை எடுத்து வந்த இந்தோனேசியப் பாய்மரப் படகினருக்கு மட்டும், 1974 இன் புரிந்துணர்வின்படி, குறிப்பிட்ட பகுதிக்குள் அனுமதி உண்டு. எந்திரம் பொருத்திய படகுக்கு இல்லை.