பழைய காருக்குப் பட்டன் ஸ்டார்ட் வைக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். ஊர் கருங்கல் பக்கம். வீட்டில் 2009 மாடல் வேகன் ஆர், பெட்ரோல் வண்டி நிற்கிறது. அப்பாவுக்கு 68 வயது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், எப்போதாவது மார்த்தாண்டத்துக்கும்தான் எடுப்பார். கொஞ்ச நாளாகச் சாவி திரும்ப மாட்டேன் என்கிறது. பத்து தடவை ஆட்டி அசைத்தால்தான் செல்ஃப் அடிக்கிறது. பட்டன் ஸ்டார்ட் போட்டால் சாவித் தொல்லையே இருக்காது என்று ஒரு கடையில் சொல்கிறார்கள். கிட் 3,500 ரூபாய், கூலி 1,500. போடலாமா?

பதில்: உங்கள் வண்டியின் வியாதி சாவி திரும்பாதது. கடைக்காரர் சொல்லும் மருந்து வேறு வியாதிக்கானது. அதனால் முதலில் சாவியைப் பார்ப்போம்.

வண்டி வாங்கும்போது இரண்டு சாவி கொடுத்திருப்பார்கள். பீரோவில் தூங்குகிற அந்த இரண்டாவது சாவியை எடுத்து அப்பாவைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அது வழுக்கிக்கொண்டு திரும்பினால் பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது, பழைய சாவியின் பல்தான் தேய்ந்திருக்கிறது. தேய்ந்த சாவியைக் கொடுத்து டூப்ளிகேட் வெட்டினால் தேய்மானமும் சேர்ந்தே வரும். நல்ல சாவியை வைத்து வெட்டுங்கள். சாவியோடு வந்த சின்னத் தகட்டில் எண் இருந்தால், அதைக் கொடுத்து ஷோரூமிலும் கேட்கலாம்.

அடுத்தது, வண்டி நிறுத்துகிற விதம். உங்கள் பக்கம் வீடெல்லாம் மேட்டிலும் பள்ளத்திலும்தான். சக்கரத்தைத் திருப்பி வைத்தபடி சரிவில் நிறுத்தினால் ஸ்டியரிங் லாக் ஊசி இறுகிக்கொள்ளும், சாவி அசையாது. ஒரு கையால் ஸ்டியரிங்கை இரு பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்பினால் விட்டுக்கொடுத்துவிடும்.

மூன்றாவதை எழுதச் சிரிப்பு வருகிறது. அப்பா பூட்டுக்குள் தேங்காய் எண்ணெய் விட்டாரா என்று கேளுங்கள். நம் ஜில்லாவில் கதவுக் கீல் முதல் தலைமுடி வரை எல்லாவற்றுக்கும் அதுதானே. பூட்டுக்குள் போனால் தூசியைச் சேர்த்துக் களிம்பாக்கிவிடும். நானும் ஒரு காலத்தில் விட்டவன்தான். கடைசியில் பூட்டைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவ வேண்டி வந்தது. பூட்டுக்குக் கிராஃபைட் பொடிதான் சரி. சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, கேட் சாவி, ஜெபமாலை எல்லாம் தொங்கினால் அவற்றையும் கழற்றச் சொல்லுங்கள். அந்தப் பாரம்தான் உள்ளே இருக்கிற தகடுகளைத் தின்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு மசியவில்லை என்றால் இக்னிஷன் லாக்கை மாற்றுங்கள். அதற்குப் பின்னால் இருக்கும் மின் ஸ்விட்ச் தனிச் சாமான். சாவி நன்றாகத் திரும்பியும் செல்ஃப் எடுக்காவிட்டால் அதையும் பாருங்கள்.

சரி, அப்படியும் பட்டன்தான் வேண்டும் என்றால், சாவியோடு சேர்ந்து என்னென்ன போகிறது என்று தெரிந்துகொண்டு போடுங்கள்.

சாவியை உருவியதும் ஸ்டியரிங் தண்டுக்குள் ஓர் ஊசி இறங்கிப் பூட்டிக்கொள்கிறது. கிட்டில் இருப்பது வெறும் மின்வேலை. அந்த ஊசியை அதனால் ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது. அதனால் பொருத்துபவர் ஒன்று ஊசியையே கழற்றிவிடுவார், அல்லது சாவியின் தலையை வெட்டிவிட்டு மீதியைப் பூட்டுக்குள்ளேயே விட்டுவிடுவார். முதல் வழியில் திருடனுக்கு ஒரு வேலை மிச்சம். இரண்டாவது அதைவிட மோசம். அந்தத் துண்டு ஆடி ஆடி நழுவினால், பேச்சிப்பாறை போகிற ஏதோ ஒரு வளைவில் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். ஊசியை என்ன செய்வீர்கள் என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது சிப். சாவி போட்டதும் டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு எரிந்து அணைந்தால் வண்டியில் இம்மொபிலைசர் இருக்கிறது; சாவித் தலைக்குள் இருக்கிற சிப்பைப் பார்த்தால்தான் இன்ஜின் உயிர் பெறும். பட்டன் வேலை செய்ய அந்த இரண்டாவது சாவியையோ அதன் சிப்பையோ டேஷ்போர்டுக்கு அடியில் டேப் சுற்றி ஒளித்துவைப்பார்கள். அதாவது வீட்டைப் பூட்டிச் சாவியை வாசல் படியிலேயே வைக்கிற கதை. வண்டி திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவியையும் கேட்கும். ஒன்றுதான் வண்டியோடு போய்விட்டதே, எதைக் கொடுப்பீர்கள்?

இன்சூரன்ஸ் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது முழு பாலிசி என்றால், பிறகு பொருத்திய மின் சாமானைக் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். அதன் மதிப்பில் வழக்கமாக 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 5,000 ரூபாய்க்கு 200 ரூபாய். சொல்லாமல் விட்டு, நாளைக்கு ஒயரிங்கில் புகை வந்தால், வாதாட அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும்.

உங்கள் வீட்டு வண்டிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. சாவிக்குப் பதிலாகப் பையில் வைத்துக்கொள்கிற டேக் பக்கத்தில் வருகிறதா என்று கிட்டின் ரிசீவர் இரவும் பகலும் விழித்துக்கொண்டே இருக்கும். மட்டமான கிட் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் ஒரு நாளைக்கு 7.2 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரி ஐந்து நாளில் காலி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்த வண்டி அடுத்த ஞாயிறு முனகக்கூட முனகாது. பொருத்தி முடித்ததும் எல்லாவற்றையும் அணைத்து, கதவைச் சாத்தி, கால் மணி நேரம் விட்டு, பேட்டரி நெகட்டிவ் ஒயரைக் கழற்றி நடுவில் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பணம் கொடுக்கலாம்.

தூரத்திலிருந்தே ஸ்டார்ட் செய்கிற ரிமோட் வசதி கிட்டில் இருந்தால் அந்த ஒயரை இணைக்கவே வேண்டாம். சரிவில் நிறுத்துகிறவர்கள் முதல் கியரில் போட்டுத்தானே நிறுத்துவார்கள்? உள்ளே ஆளில்லாமல் செல்ஃப் அடித்தால் வண்டி துள்ளி முன்னால் போகும்.

என்னைக் கேட்டால், முதலில் பீரோவைத் திறக்கச் சொல்லுங்கள். 5,000 ரூபாய் கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: கொளச்சலில் இருக்கிறேன். பழைய சான்ட்ரோவுக்குப் பட்டன் ஸ்டார்ட் போட்டு நாலு மாதம்தான் ஆகிறது. மழை தொடங்கியதும் செல்ஃப் எடுக்கவில்லை. “தண்ணி இறங்கிட்டு, அதுக்கு வாரண்டி இல்லை” என்கிறார் கடைக்காரர். பில் தரவில்லை, பணம் ஜிபேயில் கொடுத்தேன்.

பதில்: முதலில் வேறொரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் டேஷ்போர்டுக்கு அடியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒயரை ஒயரோடு முறுக்கி இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றியிருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரை ஊரில் உப்புக்காற்று டேப்புக்குள் புகுந்து செம்பைப் பச்சையாக்கிவிடும். சால்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகுகிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டிருக்க வேண்டிய இடம் அது. செல்ஃபுக்கும் இக்னிஷனுக்கும் போகிற மின்சாரம் ரிலே (பெரிய மின்சாரத்தைத் தாங்குகிற தானியங்கி ஸ்விட்ச்) வழியாக, தனி ஃப்யூஸோடு போகிறதா என்றும் பாருங்கள். வேலை மட்டமாக இருந்தால் தண்ணீரைக் குறை சொல்லித் தப்ப முடியாது. காருக்குள் பொருத்துகிற சாமான் மழைக்குத் தாங்க வேண்டாமா?

பில் இல்லாதது குறைதான், ஆனால் ஜிபே பதிவும் கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப்பும் சாட்சி. பழுதை எழுதி, 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பழைய சாவியும் கழற்றிய சாமானும் கடையில் இருந்தால் அவற்றை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வண்டி ஓடும்போது பக்கத்தில் இருக்கிற பிள்ளை பட்டனை அழுத்திவிட்டால் இன்ஜின் நின்றுவிடுமா?

பதில்: கிட்டைப் பொறுத்தது. சிலது இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால்தான் அணையும். சிலது ஒரே தட்டில் அணைந்துவிடும். ஒரே தட்டு ரகம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஓட்டத்தில் இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பிரேக்கும் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு இறுகிவிடும். பெரிய மைதானத்தில், மெதுவாக உருட்டிக்கொண்டே ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வடசேரி பஸ் ஸ்டாண்டு முன்னால் வேண்டாம்.