சைலன்சர் துரு: கேட்டதும் சொன்னதும்

பாளையங்கோட்டையில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன்னால் சைலன்சரைப் பற்றித்தான் நிறையப் பேர் கேட்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

உவரியிலிருந்து ஒருவர்: அண்ணாச்சி, வண்டி வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகிறது. துரு பிடிக்கிறதே என்று சில்வர் பெயிண்ட் அடித்தேன், ஒரே வாரத்தில் பெண்ட் பைப்பில் கருகி உரிந்துவிட்டது. போலிச் சரக்கா?

போலி இல்லை தம்பி, நீங்கள் அடித்தது கேட்டுக்கும் கம்பிக்கும் அடிக்கிற பெயிண்ட். சாதாரண எனாமல் 200 டிகிரிக்குள்ளேயே கருக ஆரம்பித்துவிடும், இன்ஜினிலிருந்து பைப் வளைந்து இறங்குகிற இடத்தில் சூடு 300 டிகிரியை அசால்ட்டாகத் தாண்டும். சிலிக்கோன் கலந்த ஹீட் ரெசிஸ்டன்ட் பெயிண்ட் என்று கேளுங்கள், டப்பாவிலேயே 600 டிகிரி என்று போட்டிருப்பான். ஆனால் உங்கள் ஊருக்கு அது மட்டும் போதாது. கடல்காற்றில் வருகிற உப்பு பைப்பில் படிந்து, ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே தண்ணீரை இழுத்துக் கசியும், மழைக்காலத்தில் அடுக்களை உப்பு ஜாடி நசநசக்கிறதே, அதே கதைதான். வாரம் ஒருமுறை, பைப் நன்றாக ஆறின பிறகு, நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவி ஒரு புண்ணியமும் இல்லை.

வள்ளியூரிலிருந்து: 600 டிகிரி பெயிண்ட்தான் அடித்தேன். பெட்ரோல் போடும்போது ஒரு சொட்டு சிந்தியது, துணியால் துடைத்தால் பெயிண்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது.

சுடாத பானையில் தண்ணீர் ஊற்றினால் நிற்குமா? இந்தப் பெயிண்ட் காய்ந்தது போல இருக்கும், ஆனால் 200 டிகிரி அளவுக்குச் சூடு ஏறி வெந்தால்தான் கெட்டிப்படும். முதலில் பழைய துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120 போட்டு இரும்பு வெள்ளையாகத் தெரிகிற வரைக்கும் இழுங்கள். தின்னரில் துடைத்த பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள், கை எண்ணெய் பட்ட இடம்தான் முதலில் உரியும். கனமாக ஒரு கோட்டு அடித்தால் கொப்பளிக்கும், ஆகவே மெல்லிசாக ரெண்டு கோட்டு. மறுநாள் வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் விட்டு ஆற வையுங்கள், திரும்ப இருபது நிமிஷம், திரும்ப ஆறட்டும், கடைசியாக நாங்குநேரி வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வாருங்கள். புகையும் நாற்றமும் வரும், பயப்பட வேண்டாம், ஆனால் வீட்டுக்குள் வைத்துச் செய்யாதீர்கள். என்னிடம் வருகிற பத்தில் எட்டுப் பேர் பெயிண்ட்டைத்தான் குறை சொல்கிறார்கள், தேய்க்கச் சோம்பல்பட்டதைச் சொல்வதில்லை.

அவரே: அடியில் ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்கலாமா?

கூடாது. சூட்டில் அது கருகும்போது மேலே இருப்பதையும் சேர்த்துக் கழற்றிவிடும். வெறும் இரும்பின் மேல் நேராக அடியுங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு டீச்சர்: என் ஸ்கூட்டர் சைலன்சர் வெளியே பளிச்சென்று இருக்கிறது, அடியில் மட்டும் ஓட்டை விழுந்துவிட்டது. பள்ளிக்கூடம் போக வர மட்டும்தான் எடுக்கிறேன், ஒன்றரைக் கிலோமீட்டர்.

அந்த ஒன்றரைக் கிலோமீட்டர்தான் அக்கா காரணம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது, நம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் உண்மை. சைலன்சர் நன்றாகச் சுட்டால் ஆவி அப்படியே போய்விடும். சுடுவதற்குள் நீங்கள் பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்திவிடுகிறீர்கள், ஆவி உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி அடியில் தேங்குகிறது, புகையில் இருக்கிற அமிலமும் அதில் கலக்கும். உள்ளிருந்து அரிக்கிற துருவுக்கு வெளியே அடிக்கிற எந்தப் பெயிண்ட்டும் மருந்தில்லை. வாரம் ஒருநாள் பாபநாசம் வரைக்காவது நிறுத்தாமல் போய் வாருங்கள். புது சைலன்சரில் அடியில் சின்னத் துளை இருந்தால் கம்பெனி தப்பு என்று நினைத்து எம்சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள், அது தண்ணீர் வடியத்தான்.

திசையன்விளையிலிருந்து: தேங்காய் எண்ணெய் தடவினால் துரு வராது என்று எங்கள் மாமா சொல்கிறார்.

வண்டி மாசக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் மாமா சொல்வது சரி. ஓடுகிற வண்டியில் முதல் கிலோமீட்டரிலேயே புகைந்து தீர்ந்துபோகும், மிச்சம் பிசுக்கில் உங்கள் ஊர்த் தேரிமண், அந்தச் செம்மணல், அப்பிக்கொள்ளும்.

பாளையிலிருந்து: பைப்பைச் சுற்றித் துணி டேப் சுற்றுகிறார்களே, ஸ்டைலாக இருக்கிறது?

ஸ்டைல்தான். மழையில் நனைந்தால் ஈரத் துணியைப் பைப்பில் கட்டிவைத்த மாதிரி. வேண்டாம்.

தச்சநல்லூரிலிருந்து: என் தம்பி கனடாவில் இருக்கிறான், பனியில் ஓட்டுகிற ஸ்னோமொபைல் வைத்திருக்கிறான். அதன் பைப்பிலும் துருவாம். அவன் இருக்கிற ஊரில் கடலும் இல்லையே அண்ணாச்சி?

நான் அந்த வண்டியைத் தொட்டதில்லை, ஆனால் இரும்பு எல்லா ஊரிலும் இரும்புதான். பனி உறையாமல் இருக்க அங்கே ரோட்டில் உப்புப் போடுகிறார்கள், டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும்போது அந்த உப்புத் தண்ணீர் தெறிக்கும். அப்போ உவரிக்காரருக்கும் உங்கள் தம்பிக்கும் ஒரே எதிரி. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் பெட்ரோலோடு எரிகிற ஆயில் உள்ளே படிந்து கொஞ்சம் காக்கும், வெளிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். கோடையில் மாசக்கணக்கில் சும்மா நிற்கும்போதுதான் துரு வேலையைக் காட்டும். சீசன் முடிந்ததும் கழுவிக் காயவைத்து, பைப்பைக் கழற்றித் தேய்த்து, வள்ளியூர்க்காரருக்குச் சொன்ன அதே பெயிண்ட்டை அடிக்கச் சொல்லுங்கள். அங்கே வீட்டுக்கு வீடு பெரிய ஓவன் இருக்குமே, அதில் வைத்துச் சுடலாமா என்று கேட்பான். சோறு சமைக்கிற ஓவனில் வேண்டாம்.