ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சமாதியும் தரியா தௌலத் மியூசியமும் பார்க்க ஒரு மணி நேரம் போதுமா?

மைசூர் பேக்கேஜ் வேனில் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். போதாது. ஒரு காலைப்பொழுது முழுக்க ஒதுக்குங்கள்.

எனக்கு இது சொந்த விஷயம். என் ஊர் காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர். 1781ல் அங்கே செத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அதன் நிழலில் விளையாடித்தான் வளர்ந்தேன். அது என்ன என்று பள்ளிக்கூடத்தில்கூட யாரும் சொன்னதில்லை. பாட்டி மட்டும் எது தொலைந்தாலும் "ஐதர் கலாபத்துல போன மாதிரி போச்சு" என்பாள். ஐதர் அலி படையெடுத்து வந்த காலத்தைத்தான் அப்படிச் சொல்வாள்.

போன வருஷம் அம்மாவோடு போனேன். திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத்தின் மேற்குச் சுவர் முழுக்க, 1780 செப்டம்பரில் ஐதரும் திப்புவும் ஆங்கிலேயப் படையைத் தோற்கடித்த போரின் ஓவியம். சிவப்புச் சட்டைச் சிப்பாய்கள் சதுரம் கட்டி நெருக்கியடித்து நிற்கிறார்கள். நடுவில் காயம்பட்ட ஆங்கிலேயத் தளபதி கர்னல் பெய்லி பல்லக்கில். தலைக்கு மேலே வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதறுகிறது. பொள்ளிலூர் போர் என்கிறார்கள். பொள்ளிலூர் நம் புள்ளலூர்தான் என்று உறைக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த வருஷம் அங்கேயே நடந்த இன்னொரு போரில் செத்தவர்களுக்குத்தான் எங்கள் ஊர்த் தூண்கள். அம்மாவிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய், "நம்ம ஏரிக்கரை எங்கடி இருக்கு இதுல?" என்று தேட ஆரம்பித்துவிட்டாள்.

அதற்குள் டிரைவர் கூப்பிட்டுவிட்டார். அடுத்து எங்கே தெரியுமா? பட்டுக்கடை. ஒன்றரை மணி நேரம்! தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவளை உட்காரவைத்துச் சேலை விரித்துக் காட்டினார்கள். கமிஷனுக்காக இப்படிச் செய்வதை யாரும் கேட்பதில்லை. பணம் கட்டியது நாம்.

திப்பு சமாதி இருக்கும் கும்பஸுக்கு மிஞ்சியது இருபது நிமிஷம். அப்பா ஐதர் அலிக்காகத் திப்பு கட்டியது. வெளியே சுற்றிலும் முகம் தெரியும் அளவுக்கு மெருகேறிய 36 கருங்கல் தூண்கள், உள்சுவரெல்லாம் புலிவரி. நடுவில் ஐதர், ஒரு பக்கம் திப்புவின் அம்மா, இன்னொரு பக்கம் 1799 மே 4 அன்று போரில் விழுந்து மறுநாள் அடக்கமான திப்பு. அம்மா ஐதர் சமாதி முன்னால் நின்று, "இவருதானா அவரு" என்றாள். அவ்வளவுதான்.

திப்புவைப் புகழ்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். குடகிலும் மலபாரிலும் அவர் பெயர் எப்படிச் சொல்லப்படுகிறது என்று எனக்கும் தெரியும். ஐதர் படை வந்தபோது எங்கள் பக்கத்து ஊர்களும்தான் எரிந்தன. அதனால்தான் நின்று பார்க்கச் சொல்கிறேன்.

தரியா தௌலத்தை முதலில் பாருங்கள், கும்பஸை அப்புறம். கும்பஸுக்குப் பக்கத்திலேயே பெய்லிக்கு 1816ல் கட்டிய நினைவு மண்டபம் இருக்கிறது. ஓவியத்தில் பல்லக்கில் இருக்கும் அதே ஆள்தான். பிடிபட்டு, 1782ல் இந்த ஊரிலேயே சிறையில் செத்தவர். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. நீங்களாவது பார்த்துவிட்டு வாருங்கள்.